அப்பாவின் 32 ரிவால்வரை வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டு பிஸ்டல் வாங்குவதா?

மாந்தோப்பு_குமரன் | காவேரிப்பட்டணம் | ஞாயிறு இரவு 9.14

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் பதினோரு ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா, செந்தூரா, கொஞ்சம் நீலம். தோப்புக்கு நடுவிலேயே கொட்டாய் போட்டுக் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். சீசனில் காய் பறிக்கிற கூலி, லாரி வாடகை எல்லாம் ரொக்கம்தான், அதனால் மே கடைசியிலிருந்து ஜூலை வரை வீட்டில் பணம் தங்கும்.

அப்பா 1999ல் லைசென்ஸ் எடுத்து, கான்பூர் தொழிற்சாலையில் செய்த 32 ரிவால்வர் (32 என்பது குழலின் அகலம், 0.32 அங்குலம்) ஒன்று வாங்கினார். இத்தனை வருடத்தில் அவசரத்துக்கு என்று ஒருமுறைகூட எடுத்ததில்லை. ஆயுத பூஜை அன்று வெளியே எடுத்துத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, மறுபடி பீரோவில் பூட்டிவிடுவார். இப்போது அவருக்கு வயது 73, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. லைசென்ஸை என் பேருக்கு மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டத்து வீடுகளில் 2024லும் 2025லும் நடந்த கொலைகளுக்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை. என் மச்சான் சொல்கிறார்: "ரிவால்வரெல்லாம் அந்தக் காலத்து போலீஸ் சமாச்சாரம். அதைக் கொடுத்துட்டு அஷானி பிஸ்டல் வாங்கு. தோட்டாவும் அதிகம் பிடிக்கும், தோட்டா அடுக்கின மேகசினை மாட்டினா வேலை முடிஞ்சுது." அப்பாவோ அந்த ரிவால்வரை விற்பதைப் பற்றிப் பேசினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் இதுவரை மொத்தமே நாலு தோட்டாதான் சுட்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய_ஹவில்தார் | பர்கூர் | ஞாயிறு இரவு 10.02

தம்பி, நாலு தோட்டா சுட்டவன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

நான் பட்டாளத்தில் இருந்தபோது கையில் கொடுத்தது இஷாபூரில் செய்த 9 எம்எம் பிஸ்டல். 13 தோட்டா மேகசின். நல்ல ஆயுதம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதை எங்களிடம் கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் வெறும் பிஸ்டலை வைத்துக்கொண்டு மைதானத்தில் நிற்க வைத்தார்கள் தெரியுமா? மேகசினைக் கழற்று, மேலே சறுக்குகிற ஸ்லைடை இழு, தோட்டா உட்காருகிற சேம்பரைக் கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார். மறுபடி முதலிலிருந்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கை அதே வரிசையில் போகும்.

வீட்டில் பிஸ்டல் வைத்திருக்கிறவர்கள் செய்கிற தப்பு எப்போதும் ஒன்றுதான். முதலில் ஸ்லைடை இழுப்பார்கள், உள்ளே இருந்த தோட்டா வெளியே விழும், "காலியாயிடுச்சு" என்று நினைப்பார்கள். மேகசின் இன்னும் மாட்டியே இருக்கும். ஸ்லைடு முன்னால் போகும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டுதான் போகும். அப்புறம் மேகசினைக் கழற்றிவிட்டு, நிம்மதியாகத் துடைக்க உட்காருவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் இப்படித்தான் வெடித்தது. நல்லவேளை, அரிசி அண்டாவோடு போயிற்று. அந்த அண்டாவை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்.

ரிவால்வரைத் திறந்து பார்த்தால் ஆறு துளையும் கண் முன்னால் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவே வேண்டாம்.


பென்னாகரம்_மணி | ஞாயிறு இரவு 10.20

முதலில் ஒன்று. இது மனுசனுக்கா, பன்றிக்கா? ஏனென்றால் எங்கள் பக்கம் துப்பாக்கி என்று யார் பேச்செடுத்தாலும் கடைசியில் நிலக்கடலைக் காட்டுக்குள் வந்த காட்டுப்பன்றியில்தான் போய் முடியும். பன்றிக்கு 32 தோட்டா என்பது கொசு கடித்த மாதிரி. அது திரும்பி வந்தால் மரமேறுவதற்கு நேரம் இருக்காது. வனவிலங்குச் சட்ட வழக்கு வேறு.


மாந்தோப்பு_குமரன் | ஞாயிறு இரவு 10.31

மனுசனுக்குத்தான் அண்ணா. பன்றிக்குச் சோலார் வேலி போட்டிருக்கிறோம்.


ஓசூர்_டூல்ரூம் | திங்கள் காலை 6.48

ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஹவில்தார் அண்ணன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். "ரிவால்வர் எளிமையானது" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பிடிப்பதற்கு எளிமை, சரி. உள்ளே அது சுவர்க்கடிகாரம் மாதிரி. விசையை இழுக்கும்போது ஒரு சிறு நெம்பு, ஆறு துளை உள்ள சிலிண்டரைத் தள்ளிச் சுற்றுகிறது. இன்னொன்று கீழே இருந்து சரியான இடத்தில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொடியில் தோட்டாவை அடிக்கிற சுத்தி விழவேண்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று நேரம் தப்பினால், சிலிண்டர் துளையும் குழலும் நேர்கோட்டில் நிற்காது. ஈயம் ஓரத்தில் சீவிக்கொண்டு பக்கவாட்டில் தெறிக்கும். தேய்ந்த ரிவால்வரைச் சுடும்போது பக்கத்தில் நிற்பவன் முகத்தில் சுருக்கென்று குத்துவது அதனால்தான்.

பிஸ்டலை நானே பிரித்திருக்கிறேன், லைசென்ஸ் வைத்திருக்கும் நண்பருடையது, அவரும் கூடவே இருந்தார். ஸ்லைடு, குழல், ஸ்பிரிங் என்று கையாலேயே கழன்று வந்துவிடுகிறது. துடைத்து எண்ணெய் போட்டு மாட்டினால் முடிந்தது. ரிவால்வரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் கவரில் போட்டு எடுத்துவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. உங்களுடையது வருடத்தில் 364 நாள் பீரோவில் படுத்திருக்கிறது. அப்படிக் கிடக்கிற ஆயுதத்துக்கு ரிவால்வர்தான் லாயக்கு. காரணம் இதுதான். பிஸ்டலில் அடுத்த தோட்டா ஏறுவது, முந்தைய தோட்டா ஒழுங்காக வெடித்து ஸ்லைடைப் பின்னால் தள்ளுவதை நம்பி இருக்கிறது. தோட்டா வலுக்குறைவாக இருந்தாலோ, எண்ணெய் காய்ந்து பிசினாகி இருந்தாலோ, பிடிக்கிற மணிக்கட்டு தளர்ந்திருந்தாலோ, ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. காலித் தோட்டா வெளியே போகாமல் நெட்டுக்குத்தலாக நிற்கும். ரிவால்வரில் ஒன்று வெடிக்கவில்லையென்றால் விசையை மறுபடி இழுங்கள், அடுத்தது வந்து நிற்கும். அதைச் சுற்றுவது உங்கள் விரல், வெடிமருந்து இல்லை.


மாந்தோப்பு_குமரன் | திங்கள் காலை 8.10

அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அப்படியானால் 1999 மாடலில் நேரம் தப்பியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?


ஓசூர்_டூல்ரூம் | திங்கள் மாலை 4.30

நீங்கள் பார்க்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொண்டுபோங்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஆறும் காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, சுத்தியை மெதுவாகப் பின்னால் இழுத்து நிறுத்தி, சிலிண்டரை விரலால் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் எல்லாவற்றிலும் இருக்கும். லொட லொட என்று ஆடினால் வேலை இருக்கிறது. இதை ஆறு துளைக்கும் தனித்தனியாகச் செய்யவேண்டும்.

இன்னொன்று, அப்பா தோலுறையில் போட்டு வைத்திருக்கிறாரா?


மாந்தோப்பு_குமரன் | திங்கள் மாலை 4.41

ஆமாம். வாங்கின நாள் முதல்.


ஓசூர்_டூல்ரூம் | திங்கள் மாலை 4.44

உடனே வெளியே எடுங்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். உறை என்பது இடுப்பில் கட்டிக்கொண்டு போகத்தான், பீரோவில் படுக்க வைக்க அல்ல.


சேலம்_ரேஞ்ச் | திங்கள் இரவு 8.55

நான் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறவன், போட்டிக்கு. தற்காப்பு எல்லாம் எனக்குத் தெரியாது, தோட்டா தெரியும். அதனால் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

32 என்று நம் ஊரில் ஒரே பெயரில் கூப்பிடுகிற தோட்டா இரண்டு. ரிவால்வருடையது 32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1896ல் வந்தது. நீளமானது, அடியில் துருத்திக்கொண்டிருக்கும் விளிம்பு உண்டு, முன்னால் ஈயக் குண்டு. பிஸ்டலுடையது 32 ஏசிபி, ஜான் பிரவுனிங் 1899ல் கொண்டுவந்தது. 7.65 எம்எம் என்றும் சொல்வார்கள். குட்டையானது, குண்டுக்கு மேல் செம்பு உறை. ஒன்றை மற்றதில் போட முடியாது. கடையில் "32 பத்து கொடுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் வேறு தோட்டாவாக இருக்கும் கதை நிறைய நடக்கிறது. அதனால் நாளைக்கு நீங்கள் பிஸ்டலுக்கு மாறினால், அப்பா சேர்த்து வைத்திருக்கும் தோட்டா எதுவும் உதவாது.

பலம் என்று பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. குண்டின் எடை ரிவால்வருக்கு 98 கிரெய்ன் (குண்டை நிறுக்கிற சின்ன அளவு), பிஸ்டலுக்கு 71. முதலாவது மெதுவாகப் போகும், இரண்டாவது கொஞ்சம் வேகமாகப் போகும். இரண்டுமே உலகக் கணக்கில் சின்னத் தோட்டாதான். நம் நாட்டில் 9 எம்எம் எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்குக் கிடையாது. ஆக "பிஸ்டல்தான் பவர்" என்று உங்கள் மச்சான் நினைத்தால் அந்தக் கணக்கு இங்கே செல்லாது. சினிமாவில் பார்ப்பது வேறு ரகம்.

சின்னத் தோட்டா என்பதில் ஒரு நல்லதும் இருக்கிறது. கையில் உதைப்பு குறைவு. புதிதாகச் சுடுகிறவன் சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து விசை இழுக்கும்போதே கையைக் கீழே அழுத்திவிடுவான், குண்டு காலடியில் போகும். 32ல் அந்தப் பழக்கம் சீக்கிரம் போகும். ஆனால் போவதற்குச் சுடவேண்டும்! நாலு தோட்டா போதாது.


பென்னாகரம்_மணி | திங்கள் இரவு 9.20

மச்சான் பாவம், மூன்று பேர் சேர்ந்து அடிக்கிறார்கள்.


மச்சான்_தான்_நான் | கிருஷ்ணகிரி | திங்கள் இரவு 11.37

குமரன் லிங்க் அனுப்பினான், படித்தேன். சரி, என் பக்கத்தையும் கேளுங்கள்.

ரிவால்வரில் சுத்தியைப் பின்னால் இழுக்காமல் நேராக விசையை இழுத்தால் எவ்வளவு கனம்? நாலைந்து கிலோ தூக்குகிற மாதிரி. விசையை இழுத்து முடிப்பதற்குள் குழல் அங்கே இங்கே அலையும். நானும் இதை இரண்டு முறை சுட்டேன், பத்தடியில் அட்டைப்பெட்டியில் படவில்லை. நண்பருடைய பிஸ்டலில் முதல் தடவையே பட்டது. குழல் நீளம் வெறும் மூன்று அங்குலமே உள்ள ரிவால்வரை வைத்துக்கொண்டு இருட்டில் என்ன செய்வது? இரண்டு பேர் மூன்று பேராக வருகிறார்கள். ஆறு சுட்டுவிட்டு, திறந்து, காலியைத் தட்டி, ஒவ்வொன்றாகத் திணிக்கிறவரை அவன் நின்றுகொண்டிருப்பானா?


பழைய_ஹவில்தார் | செவ்வாய் காலை 5.50

மாப்பிள்ளை, கனம் பற்றிச் சொன்னது நியாயம். அதை நான் முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். ரிவால்வர் கஷ்டப்பட்டுத்தான் கற்கவேண்டிய ஆயுதம். பத்தடியில் பட்டதா இல்லையா என்பது விரல் பழக்கம். காலி ரிவால்வரில் டம்மி தோட்டா போட்டு, தினம் இருபது முறை சுவரைப் பார்த்து விசையை இழுக்கப் பழகினால் ஒரே மாதத்தில் கை நிற்கும்.

அதே கனம்தான் அதன் பூட்டும். பிஸ்டலை உடனே சுடும்படி வைக்கவேண்டும் என்றால் சேம்பரில் தோட்டா ஏற்றி, சேஃப்டி (விசைப் பூட்டு) போட்டு வைக்கவேண்டும். பாதி பேர் பயந்துகொண்டு சேம்பரைக் காலியாக வைப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, நடுங்குகிற கையில், ஸ்லைடை இழுத்து, சேஃப்டியைத் தள்ளி, அப்புறம் குறி பார்க்கவேண்டும். இதில் எதை மறந்தாலும் கையில் இருப்பது இரும்புக் கட்டைதான். சேஃப்டியைத் தள்ள மறந்து விசையை இழு இழு என்று இழுத்தவனை ரேஞ்சிலேயே பார்த்திருக்கிறேன், பகல் வெளிச்சத்தில், எதிரில் எதிரியே இல்லாமல்.

ஆறு தீர்ந்துவிட்டால் என்ன என்பதற்கு: தோப்பு வீட்டில் ஆறு சுடுகிற நிலைமை வந்தால், ஏழாவது எட்டாவது தோட்டா உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. அஷானியிலும் ஏழெட்டுதான். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒன்றிரண்டு தோட்டா வித்தியாசம்.


செல்வி_மத்தூர் | செவ்வாய் காலை 10.15

எல்லோரும் ஆயுதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நானும் தோட்டத்து வீட்டில் இருக்கிறவள், அதனால் கேட்கிறேன். குமரன் தம்பி, சீசனில் நீங்கள் ராத்திரி எங்கே இருப்பீர்கள்?

எங்கள் வீட்டுக்காரர் மண்டிக்கு லோடு ஏற்றிவிட்டு வருவதற்குப் பல நாள் பன்னிரண்டு மணி ஆகும். வீட்டில் நானும் மாமியாரும். எங்கள் வீட்டில் இருப்பது மாமனார் காலத்து இரட்டைக் குழல். அது எனக்குப் பூட்டுச் சாவியோடு பரணில் இருக்கிற இரும்பு. யார் பேரில் லைசென்ஸோ அவர் இல்லாத நேரத்தில்தான் பயமே வருகிறது. உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் எது கையில் நிற்கும் என்று யாராவது கேட்டீர்களா? பிஸ்டல் ஸ்லைடை நான் ஒருமுறை இழுத்துப் பார்த்தேன், பாதி தூரம்கூட வரவில்லை.


அரூர்_வக்கீல் | செவ்வாய் மதியம் 1.05

செல்வி அக்கா கேட்டதுதான் சட்டத்திலும் சிக்கலான இடம். லைசென்ஸ் யார் பேரிலோ அவர்தான் வைத்திருக்கவேண்டும், எடுத்துப் போகவேண்டும். "வீட்டில் எல்லோருக்கும் பொதுவாக" என்று ஒன்று கிடையாது. மனைவிக்கும் பழக்கவேண்டும் என்றால் அவருக்கும் தனியாக அனுமதி வேண்டும், முறையாக ரேஞ்சில் பயிற்சி வேண்டும். சாவியைக் கொடுத்துவிட்டு மண்டிக்குப் போவது லைசென்ஸ் நிபந்தனையை மீறுவது. ஆயுதச் சட்டம் 30ஆம் பிரிவில் அதற்குத் தண்டனை உண்டு.

குமரனுக்குத் தேவையான மற்ற விஷயங்களைத் தோன்றுகிற வரிசையில் எழுதுகிறேன்.

மாற்றுவது நடக்கும். 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதைத் தாண்டினாலோ, அந்த ஆயுதத்தை 25 வருடம் வைத்திருந்தாலோ, வாரிசு பேருக்குக் கேட்கலாம். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்துகிறது. அதே சமயம் கைத்துப்பாக்கி என்று வரும்போது உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறதா, தொழில் அப்படிப்பட்டதா என்று பார்ப்பார்கள். ஸ்டேஷன் விசாரணை, பயிற்சிச் சான்று, மனநலமும் உடல்நலமும் சேர்ந்த மருத்துவச் சான்று, பத்திரமாகப் பூட்டிவைப்பேன் என்ற உறுதி எல்லாம் கேட்பார்கள். ரொக்கம் புழங்குவதற்கான மண்டிச் சீட்டுகளை எடுத்து வையுங்கள், வாய்ப்பேச்சைவிட அது பேசும்.

இப்போது விற்காதீர்கள். மாற்றம் முடியட்டும். அப்புறம் விற்பதாக இருந்தாலும் மாவட்ட ஆட்சியருக்கோ ஸ்டேஷனுக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துக் காத்திருக்கவேண்டும், சட்டத்தில் 45 நாள் என்று இருக்கிறது. பழையதையும் வைத்துக்கொண்டு புதிதும் வாங்கலாமா என்றால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு. ஆனால் இரண்டாவதற்கும் தனியாக அனுமதி வாங்கவேண்டும்.

பெங்களூருக்கு அடிக்கடி போகிறவர் என்றால் இதையும் பாருங்கள்: லைசென்ஸில் எல்லை தமிழ்நாடு என்று போட்டிருந்தால் மாநில எல்லையில் உள்ள ஜூஜூவாடியைத் தாண்டக்கூடாது. காரில் மறந்து வைத்துவிட்டேன் என்று அத்திப்பள்ளியில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.


மாந்தோப்பு_குமரன் | செவ்வாய் இரவு 9.30

சார், தோப்புக்குள் காய் திருட வந்தவனைச் சுட்டால்?


அரூர்_வக்கீல் | செவ்வாய் இரவு 10.11

ஜெயிலுக்குப் போவீர்கள்.

விளக்கமாகச் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்ததுதான். உயிர் போகும் அளவுக்குத் தாக்குவதற்குச் சட்டம் இடம் கொடுக்கும் சந்தர்ப்பங்கள் எண்ணி வைத்தவை. எதிராளி கொலையோ கொடுங்காயமோ செய்வான் என்று நியாயமாகவே பயப்படும் நிலைமை, கொள்ளை, சூரியன் மறைந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, இப்படி. ஒரு மூட்டை பெங்களூராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் இந்தப் பட்டியலில் இல்லை. திரும்பி ஓடுகிறவன் முதுகில் குண்டு பட்டிருந்தால், அவன் எதற்கு வந்தான் என்பதைவிட அந்த முதுகுதான் கோர்ட்டில் பேசும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்பது எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற விதி.

ரிவால்வரா பிஸ்டலா என்று நீதிபதி கேட்க மாட்டார். எத்தனை சுட்டாய், ஏன் நிறுத்தவில்லை என்றுதான் கேட்பார்.


பென்னாகரம்_மணி | செவ்வாய் இரவு 10.40

வக்கீல் சாரிடம் ஒரு சந்தேகம். எங்கள் ஊரில் இன்னும் சிலர் கரிமருந்து போட்டு அடிக்கிற நாட்டுத்துப்பாக்கியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். தாத்தா சொத்து என்கிறார்கள். அதற்கும் வாரிசு மாற்றம் உண்டா?


அரூர்_வக்கீல் | செவ்வாய் இரவு 10.52

லைசென்ஸ் இருந்தால்தானே வாரிசு? இல்லாததைப் போலீஸிடமோ வனத்துறையிடமோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். பயிர்ப் பாதுகாப்புக்குக் குழல் வாய் வழியாக வெடிமருந்து அடைக்கும் துப்பாக்கியும், தற்காப்புக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கியும் சட்டத்தில் தனி வகை, 13ஆம் பிரிவில். கைத்துப்பாக்கியைவிட அந்த வழி சுலபம். உண்மையைச் சொன்னால் தோட்டத்து வீட்டுக்கு 12 போர் என்கிற வழவழப்புக் குழல் துப்பாக்கிதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் கேள்வி அது இல்லை என்பதால் விடுகிறேன்.


மச்சான்_தான்_நான் | புதன் காலை 7.20

சரி, ரிவால்வரே என்று வைத்துக்கொள்வோம். பழையதுதானா? நிர்பீக் என்று ஒன்று வந்ததே, அரைக் கிலோ எடை. புதிதாக பிரபல் வேறு.


சேலம்_ரேஞ்ச் | புதன் மாலை 6.05

நிர்பீக் 2014ல் வந்தது, அப்போதே விலை 1,22,360 ரூபாய். டைட்டானியம் கலந்த உடம்பு. பெண்களுக்கான ரிவால்வர் என்று சொல்லி நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள், அந்த யோசனை யாருடையதோ! எடை குறைந்தால் பையில் வைக்கச் சுகம், சுடும்போது உதைப்பு கூடும். வீட்டிலேயே இருக்கப்போகிற ஆயுதத்துக்கு எடை குறைவு ஒரு லாபமே இல்லை.

பிரபல் 2023ல் கான்பூரில் இருந்து வந்தது. அதில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். உங்கள் வீட்டுப் பழையது நடுவில் ஒடிந்து திறக்கிற ரகமாகத்தான் இருக்கும். 50 மீட்டர் தூரம் என்று விளம்பரம். உங்கள் கொட்டாய்த் திண்ணையிலிருந்து வாசல் கேட் எவ்வளவு தூரம் குமரன்?


மாந்தோப்பு_குமரன் | புதன் மாலை 6.20

பன்னிரண்டு மீட்டர் இருக்கும்.


சேலம்_ரேஞ்ச் | புதன் மாலை 6.22

அப்புறம் என்ன.


பழைய_ஹவில்தார் | புதன் இரவு 8.00

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பழைய ரிவால்வரைக் கீழே போட்டால் வெடிக்குமா என்பதை கன்ஸ்மித் பார்த்துச் சொல்கிறவரை, சுத்தியின் நேர் எதிரே இருக்கிற துளையைக் காலியாக விடுங்கள். ஐந்து போதும். சுத்தியை இழுத்து நிறுத்தி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற வேலையை மட்டும் செய்யவே கூடாது. அந்த நிலையில் விசை பூப்போல இருக்கும், கால் தடுக்கினாலே போதும்.

டார்ச்சை இடது கையில் பிடித்துப் பழகுங்கள். வருகிறவன் திருடனா, சரக்கடித்துவிட்டு வழி தவறிய பறிப்புக் கூலியா என்று தெரியாமல் விரல் விசைக்குப் போகக்கூடாது. எங்கள் ஊரில் ஒருவர் இருட்டில் தம்பி மகனையே குறிபார்த்துவிட்டார், பையன் இருமியதால் பிழைத்தான்.


மாந்தோப்பு_குமரன் | ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 9.05

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ரிவால்வரைத் தோலுறையிலிருந்து எடுத்ததும் சிலிண்டரின் ஒரு பக்கம் முழுக்கத் துரு, உறையின் தையல் வரிசை அச்சு விழுந்த மாதிரி. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவே கூட வந்து கன்ஸ்மித்திடம் காட்டினோம். ஆறில் ஒரு துளையில் மட்டும் சிலிண்டர் சரியாக நிற்கவில்லை, நிறுத்துகிற நெம்பின் ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. மாற்றிவிட்டார். காலித் தோட்டாவைத் தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது, திறந்த ரிவால்வர் சரியாக மூடாமல் சிக்கிக்கொண்டிருந்தது, அதற்குக் காரணம் அதுதான். என்ன என்று சுரண்டிப் பார்த்தால் சந்தனம். இருபத்தைந்து ஆயுத பூஜை சந்தனம். அப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பழைய தோட்டாக்களைத் தனியாக எடுத்து வைத்துவிட்டோம். லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை என்பதால், பயிற்சிக்காக ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து அங்கே உள்ள ஆயுதங்களைச் சுட்டேன். மச்சானும் வந்தார். பிஸ்டலில் முதல் ஐந்து அருமையாகப் போயிற்று, மச்சான் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. ஆறாவதில் ஸ்லைடு பாதியில் நின்றது. பயிற்சியாளர் "மணிக்கட்டை விட்டுட்டீங்க" என்றார். அதைச் சரிசெய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று மச்சான் செல்போனில் பார்த்திருக்கிறார், 19 நொடி. ரிவால்வரில் என் குறி இன்னும் மோசம்தான், ஆனால் எல்லாம் வெடித்தது. மச்சான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை.

மனைவியும் கிளப்பில் பெயர் கொடுத்திருக்கிறாள். செல்வி அக்காவுக்குத்தான் அந்த நன்றி. அவள் என்னைவிட நன்றாகச் சுடுகிறாள் என்பதை இங்கே எழுதச் சொன்னாள்.

ஆக ரிவால்வரே இருக்கட்டும் என்று முடிவு. ஆனால் பழைய ரசீதுகளைப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறோமே, அந்தச் சீட்டுகள். 2016, 2019, 2021, 2024. நம் ஊருக்குத் தேர்தல் எப்போதும் ஏப்ரல், மே. ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்குவதற்குள் காய் பறிப்பு ஆரம்பித்துவிடும். எந்த மாதத்துக்காக அப்பா இதை வாங்கினாரோ, அந்த மாதத்தில் நாலு வருடம் இது ஸ்டேஷன் பீரோவில் இருந்திருக்கிறது.


பென்னாகரம்_மணி | சனி இரவு 9.18

அந்த நாலு வருடமும் வீட்டைக் காத்தது யார்?


மாந்தோப்பு_குமரன் | சனி இரவு 9.25

எங்கள் வீட்டு நாய் இரண்டு. ஒன்று ராஜபாளையம், இன்னொன்று தெருவில் இருந்து தானாக வந்தது. தெருவில் வந்ததுதான் குரைக்கும்.

ஓசூர் அண்ணா, சின்ன இரும்புப் பெட்டகம் ஒன்று வாங்கியிருக்கிறேன். கொட்டாய்ச் சுவர் மண்சாந்து வைத்த பழைய செங்கல். போல்ட் பிடிக்குமா?


ஓசூர்_டூல்ரூம் | ஞாயிறு காலை 7.02

பிடிக்காது, கல்லோடு பிடுங்கிக்கொண்டு வரும். தரையில் ஒன்றரை அடிக்கு காங்கிரீட் போட்டு, 12 எம்எம் போல்ட் நாலை அதில் புதைத்து, பெட்டகத்தை உள்பக்கமிருந்து நட் போட்டு இறுக்குங்கள். காங்கிரீட் ஒரு வாரமாவது தண்ணி ஊற்றி ஆறட்டும். தோட்டாவை அதே பெட்டகத்தில் வைக்காதீர்கள், வேறு பூட்டு, வேறு சாவி.